60 மைக்ரோன் லேபிள சும்மா விட்டுறாதீங்க

வீட்டுல பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணாவது இருக்கும், தீந்து போனதும் அம்மா கழுவி நெத்திலியோ காஞ்ச மொளகாயோ போட்டு வச்சிருப்பாங்க. அத எடுத்து மேல இருக்குற படத்த நகத்தால சுரண்டிப் பாருங்க. ஓரமே கிடைக்காது. ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கர்னா சுடுதண்ணியில ஊறப்போட்டா உரிஞ்சி வந்துரும், இது பத்து வருஷம் கழுவுனாலும் வராது. அந்தப் படம் டப்பா செஞ்ச பிறகு ஒட்டுனதில்ல, டப்பா பொறக்கும்போதே கூடப் பொறந்தது. இதுக்குப் பேரு இன் மோல்ட் லேபிளிங், கிலாங்குல, அதாவது ஃபேக்டரியில, சுருக்கமா ஐஎம்எல்னு சொல்லுவோம்.

நான் மலேசியாவுல கெடா மாநிலத்து பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவ. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க, இப்ப அந்தக் காடெல்லாம் செம்பனை ஆயிருச்சி, எங்க தலைமுறையில பாதிப் பேரு எஸ்பி (சுங்கை பட்டாணி) பக்கத்து கிலாங்குங்களுக்கு மோட்டார்ல வேலைக்குப் போறோம். நான் மோல்ட் டிசைன் செக்‌ஷன்ல கம்ப்யூட்டர் சிமுலேஷன் பாக்குறேன். மெஷின் ஓட்டுற தம்பிங்க தங்கச்சிங்க நெறைய பேரு "அக்கா அந்தக் கலர் கலரா வர்ற படத்துல என்னதான் பாக்குறீங்க"ன்னு கேக்குறாங்க, அதுலயும் லேபிள் வர்ற வேலைன்னா நான் ஏன் ஒரு நாள் கூடுதலா கேக்குறேன்னு சூப்பர்வைசருக்கே புரியல. அதனாலதான் உக்காந்து எழுதுறேன், முன்னப்பின்ன ஒண்ணும் தெரியாட்டியும் படிக்கலாம்.

மொதல்ல மெஷின்ல நடக்குறத சொல்லிடுறேன். மோல்டுன்னா பிளாஸ்டிக்குக்கு உருவம் குடுக்குற இரும்பு அச்சு, அது ரெண்டு பாதி. டப்பாவோட வெளிப்பக்கத்த உண்டாக்குற பாதி கேவிட்டி, உள்பக்கத்த உண்டாக்குற பாதி கோர். மோல்டு தொறந்திருக்கும்போது ரோபோட் கை லேபிள எடுத்துட்டு வந்து கேவிட்டிக்குள்ள வைக்கும், லேபிள் நழுவாம இருக்க ஸ்டேட்டிக் கரன்ட் ஏத்தி விட்டிருப்பாங்க, சீப்புல தல வாரிட்டு காகிதத் துண்டுகிட்ட கொண்டு போனா ஒட்டிக்குமே அதே சங்கதி. மோல்டு மூடும், உருக்குன பிபி (பாலிபுரோப்பிலீன்) பிளாஸ்டிக் சுமார் 230 டிகிரி சூட்டுல பாய்ஞ்சி வரும், லேபிளோட உள்பக்கத்துல படும், ஒண்ணா சேந்துரும், ஆறும், மோல்டு தொறக்கும், டப்பா விழும். மெல்லிசான டப்பான்னா மொத்தமே அஞ்சாறு செகண்டு.

லேபிளும் பிபிதான். 50லருந்து 80 மைக்ரோன் கனம் சாதாரணமா வரும், நான் இங்க 60னு வச்சிக்கிறேன். ஒரு மைக்ரோன்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அப்ப 60 மைக்ரோன்னா 0.06 மில்லிமீட்டர், நம்ம தலைமுடி கனம்தான், ஏ4 பேப்பர் கூட இதவிட மொத்தம். அதுக்குப் பக்கத்துல டப்பா செவுரு அர மில்லிமீட்டர், மூடி 0.8 மில்லிமீட்டர்னு இருக்கும்.

சிமுலேஷன்னா, இரும்ப வெட்டி மோல்டு செய்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டருக்குள்ள அந்த மோல்டுல பிளாஸ்டிக்க ஊத்திப் பாக்குறது. எங்க நெறயும், எங்க காத்து மாட்டும், எவ்ளோ பிரஷர் வேணும், எப்ப ஆறும், ஆறுனதும் எந்தப் பக்கம் கோணும்னு முன்கூட்டியே பாக்கலாம். இரும்பு ஒரு தடவ வெட்டுனா வெட்டுனதுதான், திருத்தணும்னா வெல்டு வச்சி திரும்ப வெட்டணும், காசும் போகும் வாரக்கணக்கா நாளும் போகும். இந்த வேலைக்குன்னு 1978லயே ஆஸ்திரேலியாவுல காலின் ஆஸ்டின்னு ஒருத்தரு மோல்ட்ஃப்ளோ கம்பெனிய ஆரம்பிச்சாரு, 2008ல ஆட்டோடெஸ்க் அத வாங்கிட்டாங்க, தைவான்லருந்து மோல்டெக்ஸ்3டின்னு இன்னொரு சாஃப்ட்வேரும் இருக்கு. எதுல செஞ்சாலும் லேபிள் விஷயத்துல வர்ற தலவலி ஒண்ணுதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். புதுசா சிமுலேஷன் பண்ண வர்றவங்க எல்லாரும் செய்றது என்னன்னா, "இந்த லேபிள் முடி கனம்தானே, விட்டுட்டு டப்பாவ மட்டும் ஓட்டுவோம்"னு விட்டுறது. நானும் அப்படித்தான் விட்டேன், அந்தக் கதை பின்னாடி வருது. கனத்த மட்டும் பாத்தா லேபிள் ஒண்ணுமே இல்லதான். ஆனா சூடு இருக்கே, அது கனத்த மட்டும் பாக்காது, என்ன பொருளு, அது வழியா எவ்ளோ சுலபமா போலாம்னு பாக்கும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், பயப்படாதீங்க, வகுத்தல்தான். பிபி பிளாஸ்டிக் வழியா சூடு எவ்ளோ சுலபமா போகும்ங்கறதுக்கு ஒரு எண்ணு இருக்கு, சுமார் 0.2. மோல்டுக்குப் போடுற இரும்புக்கு அதே எண்ணு சுமார் 30. அதாவது இரும்பு வழியா 150 மடங்கு சுலபமா சூடு போகும். அப்ப 0.06 மில்லிமீட்டர் லேபிள் சூட்ட எவ்ளோ மறிக்குதோ, அதே அளவு மறிக்கணும்னா இரும்பு எவ்ளோ கனம் வேணும்? 0.06 பெருக்கல் 150, ஒம்போது மில்லிமீட்டர்!

மோல்டுல தண்ணி ஓடுற ஓட்டை கேவிட்டி மேல்பரப்புலருந்து பத்து பன்னெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்னு வச்சிக்கங்க. அந்த இரும்ப முழுசா தாண்டிப் போக சூடு படுற பாட்ட கிட்டத்தட்ட அதே அளவுக்கு இந்த முடி கனத்து லேபிள் ஒண்ணே குடுத்துருது. மோல்டு டிசைனர் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டருக்கு தண்ணி ஓட்டைய கிட்ட கொண்டு வரலாமான்னு மண்டைய ஒடைச்சிக்கிறாரு, இங்க லேபிள் வச்ச ஒடனே அந்தப் பக்கம் மட்டும் ஒம்போது மில்லிமீட்டர் தள்ளிப் போன மாதிரி ஆயிருது. கோர் பக்கம் லேபிள் இல்ல, அங்க பழைய தூரம்தான். டப்பா ஒரு பக்கம் வெறும் தரையிலயும் இன்னொரு பக்கம் கம்பளியிலயும் படுத்திருக்கு.

இதுல இன்னொரு நுணுக்கமும் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். காலையில பெரட்டு நேரத்துல, அதான் தோட்டத்துல பேரு கூப்பிடுற நேரம், ஜெராய் மலைப் பக்கமிருந்து வர்ற குளுருல மோட்டார் எடுக்குறீங்க. ஹேண்டில் ரப்பர் பிடிய தொட்டா ஒண்ணும் தெரியாது, பிரேக் கம்பிய தொட்டா சில்லுன்னு இருக்கும். ரெண்டும் ராத்திரி பூரா ஒரே எடத்துல நின்னது, ஒரே குளுருதான். ஆனா இரும்பு கை சூட்ட ஒடனே இழுத்துக்குது, ரப்பர் இழுக்க மாட்டேங்குது, அதான் வித்தியாசம். ரெண்டு பொருள் ஒண்ண ஒண்ணு தொடும்போது தொட்ட எடத்துல என்ன சூடு இருக்கும்ங்கறது, யாரு எவ்ளோ வலுவா சூட்ட இழுக்குறாங்கங்கறதப் பொறுத்தது.

இத டப்பாவுக்கு வைங்க. 230 டிகிரி பிளாஸ்டிக் 30 டிகிரி இரும்ப தொடுது. இரும்பு இழுக்குற வலு பிளாஸ்டிக்கவிட பதினஞ்சு பதினேழு மடங்கு அதிகம், அதனால தொட்ட எடம் ஒடனே நாப்பது டிகிரி கிட்ட விழுந்துரும், அதாவது அந்தப் பக்கத்து தோல் அப்பவே ஒறஞ்சிரும். இன்னொரு பக்கம் அதே 230 டிகிரி பிளாஸ்டிக் 30 டிகிரி லேபிள தொடுது. லேபிளும் பிபி, இவரும் பிபி, ரெண்டு பேருக்கும் ஒரே வலு, அப்ப நடுவுல நிக்க வேண்டியதுதான், 130 டிகிரி! ஒரே நொடியில ஒரு பக்கம் 40, இன்னொரு பக்கம் 130. லேபிள் ஒட்டிக்கிறதுக்கே இதுதான் காரணம், லேபிளோட உள்தோல கொஞ்சம் குறைஞ்ச சூட்டுலயே எளகுற மாதிரி வேற வக பிபில செஞ்சிருப்பாங்க, அந்தச் சூடு பட்டதும் அது எளகி டப்பாவோட கலந்துரும். இரும்பு மாதிரி ஒடனே 40க்கு எறங்கியிருந்தா லேபிள் ஒட்டவே ஒட்டாது.

இந்த 130 ரொம்ப நேரம் நிக்காது. லேபிள் வழியா சூடு ஊடுருவி பின்னால இருக்குற இரும்ப போய்த் தொட எவ்ளோ நேரமாகும்னு கணக்கு இருக்கு, கனத்த கனத்தால பெருக்கி பிளாஸ்டிக்கோட சூடு பரவுற எண்ணால (மேல சொன்ன 0.2 இல்ல, இது வேற) வகுக்கணும். 60 மைக்ரோனுக்கு வர்ற விடை கிட்டத்தட்ட 0.04 செகண்டு. அதுக்கப்புறம் பின்னால இரும்பு இருக்குறது பிளாஸ்டிக்குக்கு தெரிய வருது, மெதுவா எறங்க ஆரம்பிக்கும். இந்த 0.04அ ஞாபகம் வச்சிக்கங்க, திரும்ப வேணும்.

இப்ப கோணல் பத்தி. ஒரு பக்கம் சீக்கிரம் ஆறி ஒறஞ்சிருச்சி, இன்னொரு பக்கம் லேட்டா ஆறுது, என்ன ஆகும்? டவுன்ல கிரில் கடையில நின்னு பாத்திருக்கீங்களா, தட்டையான பட்டைக் கம்பில ஒரு பக்கம் மட்டும் நீளமா வெல்டு வச்சா, ஆறுனதும் கம்பி வெல்டு வச்ச பக்கமா வளைஞ்சிக்கும். கடைசியா ஆறுற எடம் சுருங்கும்போது, ஏற்கனவே கெட்டியா நிக்கிற மத்தத தன் பக்கம் இழுக்கும். அதனாலதான் கிரில் கடை மாமாங்க இந்தப் பக்கம் ஒரு புள்ளி அந்தப் பக்கம் ஒரு புள்ளின்னு மாத்தி மாத்தி வைப்பாங்க. டப்பாவுல லேபிள் பக்கம்தான் வெல்டு பக்கம். அப்ப டப்பா லேபிள் பக்கமா குழியணும்.

குழியுமா? சில நேரம் குழியும், சில நேரம் நேர்மாறா போகும். இங்கதான் நான் மாட்டுனேன்.

அது ஒரு நீளச் சதுர மூடி, சுமார் 180க்கு 120 மில்லிமீட்டர், மேல முழுக்க லேபிள். நான் லேபிள் இல்லாம ஓட்டுனேன், மூடி தட்டையா வந்துச்சி, ரிப்போர்ட்ட அனுப்பிட்டேன், மோல்டு வெட்டியாச்சி. ட்ரையல் அன்னிக்கு மெஷின் பக்கத்துல சூடா எடுத்து மேசையில வச்சப்ப ஓரளவு சரியாத்தான் இருந்துச்சி. மறுநாள் காலையில பசியாறிட்டு வந்து பாக்குறேன், ராத்திரி அடுக்கி வச்ச மூடி எல்லாம் நடுவுல மேல எழும்பி, ஆமை முதுகு மாதிரி. லேபிள் பக்கம் கீழ இருக்குற மாதிரி கவுத்து வச்சி விரலால ஒரு தட்டு தட்டுனா தொட்டில் மாதிரி ஆடுது. மோல்டு ஷாப்ல ஒரு மாமா இருக்காரு, எங்க தோட்டத்துக்காரரு, என்ன சின்னப் புள்ளையிலருந்து தெரியும். அவரு ஒரு மூடிய எடுத்து வெளிச்சத்துல கண்ணுக்கு நேரா புடிச்சிப் பாத்துட்டு, "பாப்பா, நீ கம்ப்யூட்டர்ல லேபிள் போட்டியா?"ன்னு கேட்டாரு.

"இல்ல மாமா, 60 மைக்ரோன்தானேன்னு விட்டுட்டேன்."

"அந்த 60தான்ம்மா இத தூக்குது."

திட்டல, அவ்வளவுதான் சொன்னாரு. நான் திரும்பப் போயி லேபிளோட சூடு மறிக்கிற குணத்த மட்டும் சேத்து ஓட்டுனேன். கோணல் வந்துச்சி, ஆனா தலகீழா வந்துச்சி, வெல்டு கணக்குப்படி நடு குழிஞ்சி நாலு மூலையும் மேல தூக்குன மாதிரி. கையில இருக்குற மூடி ஆமை முதுகு, ஸ்கிரீன்ல இருக்குற மூடி தாம்பாளம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

விடை என்னன்னா, லேபிள் சூட்ட மறிக்கிறதோட நிக்கல, சுருங்கவும் மாட்டேங்குது. உருகி வந்த பிபி ஆறும்போது 100க்கு 1லருந்து 2 வரைக்கும் சுருங்கும், 180 மில்லிமீட்டர் மூடியில அது ரெண்டு மூணு மில்லிமீட்டர். லேபிளு? அத ஃபிலிம் ஃபேக்டரியிலயே நீளவாக்குல அகலவாக்குல இழுத்து நீட்டி செஞ்சது, உள்ள வரும்போதே கெட்டியா குளுந்து வருது, டப்பா மாதிரி உருகி ஒறையல, அதனால டப்பா சுருங்குற அளவுக்கு அது சுருங்காது. அப்ப என்ன ஆகுது, டப்பா பிளாஸ்டிக் சுருங்குறேங்குது, லேபிள் நான் வரலங்குது, லேபிள் பக்கம் நீளமா நின்னுருது, மறுபக்கம் குட்டையாயிருது, லேபிள் பக்கம் புடைச்சிக்குது.

முடி கனம் இருக்குற ஒண்ணு 0.8 மில்லிமீட்டர் மூடிய வளைக்க முடியுமான்னு சந்தேகம் வரும், எனக்கும் வந்துச்சி, கணக்கு போட்டேன். மெல்லிசு ஃபிலிம் ஒட்டுன தகடு எவ்ளோ வளையும்னு பழைய சூத்திரம் ஒண்ணு இருக்கு. லேபிளுக்கும் மூடிக்கும் சுருக்கத்துல ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருந்தா போதும், விளிம்பே இல்லாத தட்டைத் தகடுன்னா 180 மில்லிமீட்டர் நீளத்துக்கு நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் எழும்பிரும். நெஜ மூடிக்கு சுத்தி விளிம்பு இருக்கு, அது புடிச்சி நிறுத்தும், அதனால அவ்ளோ வராது. ஆனா ஆயிரத்துல ஒண்ணுங்கறது எவ்ளோ சின்னது, அதுக்கே இந்த ஆட்டம். மறுநாள்தான் அதிகமா தெரிஞ்சதுக்கும் காரணம் இருக்கு, பிபி மெஷின விட்டு வெளிய வந்த பிறகும் மணிக்கணக்கா உள்ளுக்குள்ள படிகமாயிட்டே சுருங்கிட்டே இருக்கும், லேபிள் சும்மாவே இருக்கும்.

அப்ப ரெண்டு சக்தி எதிரெதிரா இழுக்குது. சூடு மறிக்கிறது லேபிள் பக்கமா குழிய வைக்குது, சுருங்க மாட்டேங்குறது லேபிள் பக்கமா புடைக்க வைக்குது. எது ஜெயிக்கும்ங்கறது மூடி கனம், லேபிள் வக, எவ்ளோ நேரம் மோல்டுக்குள்ள வச்சிருக்கோம், தண்ணி எவ்ளோ சூடுன்னு எல்லாத்தையும் பொறுத்தது. இத மனசுலயே கணக்கு போட்டு சொல்ல முடியாது, அதுக்குத்தான் கம்ப்யூட்டர். ஒரு சக்திய மட்டும் குடுத்தோம்னா கம்ப்யூட்டர் தைரியமா தலகீழான பதில சொல்லும், நான் பாத்தது அதான். லேபிளே போடாம ஓட்டுறதவிட அரகொறையா போட்டு ஓட்டுறது சில நேரம் அதிக ஆபத்துன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா "லேபிள் போட்டாச்சி"ன்னு எல்லாரும் நம்பிருவாங்க.

இனி கம்ப்யூட்டருக்குள்ள இத எப்படி போடுறதுன்னு பாப்போம். கம்ப்யூட்டருக்கு டப்பான்னா தெரியாது, அத சின்னச் சின்ன துண்டா வெட்டிக் குடுத்தாத்தான் ஒவ்வொரு துண்டுக்கும் சூடு பிரஷர்லாம் கணக்கு போடும். அப்படி வெட்டுறதுக்குப் பேரு மெஷ், ஒவ்வொரு துண்டும் எலிமென்ட். 3டியில வழக்கமான எலிமென்ட் டெட்ரா, நாலு முகம் இருக்குற கூம்பு மாதிரி. இந்த டெட்ராவுக்கு ஒரு குணம், எல்லாப் பக்கமும் ஓரளவு சம நீளமா இருந்தாத்தான் நல்லா கணக்கு போடும், தட்டையா நசுங்கிப் போனா தப்புத் தப்பா சொல்லும். இப்ப லேபிளோட கனத்துக்குள்ள மூணு அடுக்காவது வேணும்னு வைங்க, அப்பத்தான் உள்ள சூடு எப்படி எறங்குதுன்னு தெரியும். 0.06அ மூணாப் பிரிச்சா ஒரு துண்டு 0.02 மில்லிமீட்டர். நீள அகலமும் அதே 0.02 வேணும். 180க்கு 120 லேபிள 0.02 கட்டமா வெட்டுனா 16 கோடி கட்டம், ஒவ்வொரு கட்டத்தையும் டெட்ராவா வெட்ட குறைஞ்சது அஞ்சு, மொத்தம் 80 கோடிக்கு மேல! லேபிளுக்கு மட்டுமே இவ்ளோ, மூடி இன்னும் வரல. சாதாரணமா ஆபீஸ்ல இருக்குற கம்ப்யூட்டர் சில மில்லியன் எலிமென்ட்டுக்கே ராத்திரி பூரா ஓடும்.

"அப்ப லேபிளுக்கு ஒரே ஒரு அடுக்கு பெரிய எலிமென்ட் வச்சிக்கலாமே"ன்னா, அது அந்த நசுங்குன டெட்ரா கதைதான். மெல்லிசா இருக்குற எதுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு, பெயின்ட், பசை, ஃபிலிம் எல்லாத்துக்கும். அதனால ஆளுங்க சுத்து வழி கண்டுபுடிச்சி வச்சிருக்காங்க.

லேபிள உருவமாவே வரையாம, அது செய்ற வேலைய மட்டும் சொல்லிடுறது ஒரு வழி. பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் நடுவுல சூடு எவ்ளோ சுலபமா தாண்டும்ங்கறதுக்கு சாஃப்ட்வேர்ல ஒரு எண்ணு உண்டு, மோல்ட்ஃப்ளோல நெறயுற நேரத்துக்கு வழக்கமா 5000னு வச்சிருப்பாங்க, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட்னு. லேபிள் இருக்குற பரப்புல மட்டும் அந்த எண்ண குறைச்சி விடலாம். எவ்ளோ குறைக்கிறது? தடைய கூட்டணும். 5000ங்கற எண்ணுக்கு தடை 0.0002, லேபிளோட தடை, கனத்த மீட்டர்ல போட்டு 0.2ஆல வகுத்தா, 0.0003, ரெண்டும் சேந்தா 0.0005, திருப்பிப் போட்டா 2000. அவ்ளோதான், லேபிள் இருக்குற எடத்துல 5000க்குப் பதிலா 2000னு அடிச்சா சூட்டு விஷயம் பெரும்பாலும் சரியா வந்துரும், மெஷ்ல ஒரு எலிமென்ட்டும் அதிகமாகாது. காசில்லாம கிடைக்குற நல்ல வழி, மொத பார்வைக்கு நான் இன்னிக்கும் இததான் பண்றேன்.

இங்கதான் அந்த 0.04 செகண்டு வேணும். இந்த வழியில லேபிள் ஒரு தடை மட்டும்தான், அதுக்குன்னு சூட்ட வாங்கி வச்சிக்கிற வயிறு கெடையாது. 0.04 செகண்டுல லேபிள் நெறஞ்சி சூடு அந்தப் பக்கம் போயிருதுன்னா, டப்பா நெறயவே அத மாதிரி பத்து மடங்கு நேரம் ஆகுறப்ப, வயிறு இல்லன்னு வச்சிக்கிறதுல பெரிய தப்பில்ல. ஆனா 0.3 மில்லிமீட்டர் மொத்தமான ஃபிலிம் வருதுன்னு வைங்க, காடி டேஷ்போர்டு அலங்காரத்துக்கெல்லாம் அப்படித்தான் வரும், கனம் அஞ்சு மடங்கு, நேரம் 25 மடங்கு, ஒரு செகண்டு ஆயிரும். அது பிளாஸ்டிக் பாய்ஞ்சி முடியிற நேரத்துக்கே சமம், இல்லன்னா அதவிட கூட, அங்க இந்தக் குறுக்கு வழி பொய் சொல்லும். உங்க லேபிளுக்கு இந்த நேரத்த ஒரு தடவ கணக்கு போட்டுப் பாருங்க, எந்த வழியில போறதுன்னு அதுவே சொல்லிரும். இன்னொண்ணு, இந்த வழியில சுருக்கத்த பத்தி ஒரு வார்த்தையும் கம்ப்யூட்டருக்குப் போகாது. எனக்கு தாம்பாளம் வந்தது இதனாலதான்.

அடுத்தது மெல்லிசு சாமான்களுக்குன்னே இருக்குற தட்டை மெஷ். மிட்பிளேன், டூவல் டொமைன்னு சொல்லுவாங்க. இதுல மூடி முக்கோணத் துண்டுகளா இருக்கும், கனத்துக்கு எலிமென்ட் கெடையாது, ஆனா ஒவ்வொரு முக்கோணத்துக்கு அடியிலயும் கனத்த பன்னெண்டு அடுக்காப் பிரிச்சி சூடு கணக்கு ஓடும். குவே லாப்பிஸ் பலகாரத் துண்டு மாதிரி நெனைங்க, மேலருந்து பாத்தா ஒரு சதுரம், பக்கவாட்டுல பாத்தா அடுக்கடுக்கா. லேபிள் அந்தக் குவேயோட மேல இன்னொரு மெல்லிசு அடுக்கு, அதுக்குன்னு தனி பொருள், தனி கனம், மொத சூடு 30 டிகிரி. அழகா உக்காரும், சீக்கிரமும் ஓடும். டப்பா மூடி மாதிரி எங்கயும் மெல்லிசா இருக்குற சாமானுக்கு இது போதும்னு நான் சொல்லுவேன், ஆனா மூலையில கனமா கட்டியா இருக்குற சாமானுக்கு ஒத்து வராது.

முழு 3டிதான் வேணும்னா லேபிளுக்கு மட்டும் டெட்ராவ விட்டுட்டு பிரிசம் போடணும், முக்கோணமா வெட்டுன சாண்ட்விச்ச அமுக்கித் தட்டையாக்குன மாதிரி. டெட்ரா மாதிரி இது நசுங்குனா கெட்டுப் போகாது, கனத்து திசையில 0.02 இருக்கட்டும், நீள அகலத்துல ஒரு மில்லிமீட்டர் இருக்கட்டும், சமாளிக்கும். ஏன்னா லேபிள்ல சூடு கனத்து வழியாத்தான் ஓடுது, பக்கவாட்டுல ஓட நேரமே இல்ல. கணக்கு போட்டா ஒரு அடுக்குக்கு நாப்பதாயிரம் சொச்சம், மூணு அடுக்குக்கு ஒன்றரை லட்சம் கூட இல்ல. 80 கோடி எங்க, ஒன்றரை லட்சம் எங்க! இதுல லேபிள் ஒரு நெஜப் பொருளா உள்ள இருக்குறதால அதோட விறைப்பு, சுருக்கம் எல்லாத்தையும் குடுக்கலாம். என் மூடிய இப்படி ஓட்டி, லேபிளோட விறைப்பு, சூட்டுக்கு எவ்ளோ நீளும் சுருங்கும்ங்கற எண்ணெல்லாம் போட்டதும் ஸ்கிரீன்ல ஆமை முதுகு வந்துச்சி. அளவு அச்சா அப்படியே வரல, ஆனா திசை சரி, எந்த மூல அதிகம் எறங்குதுங்கறதும் சரி. அத பாத்தப்ப இருந்த சந்தோஷம் இன்னிக்கும் மறக்கல.

அந்த எண்ணுங்க எங்கருந்து வரும்னா, லேபிள் சப்ளையர்கிட்டதான் கேக்கணும், கேக்காம தர மாட்டாங்க. கனம் மட்டும் கேட்டா பத்தாது. கெட்டி ஃபிலிமா, இல்ல உள்ள குட்டி குட்டிக் காத்துப் பை வச்ச வெள்ள ஃபிலிமான்னு கேளுங்க, ஐஎம்எல்லுக்கு அந்தக் காத்துப் பை வக நெறைய வரும். கெட்டி பிபி தண்ணியவிட கொஞ்சம் லேசு, அடர்த்தி 0.9, காத்துப் பை வகையில 0.7, அதுக்கும் கீழகூட போகும். காத்து இருந்தா சூடு இன்னும் மறியும், நான் மேல போட்ட 0.2 அங்க செல்லாது, குறையும். அதே நேரம் அது மெத்து மெத்துன்னு இருக்குறதால டப்பா சுருங்கும்போது கூடவே அமுங்கிக் குடுக்கும், கோணல் குறையும். அப்புறம், நீளவாக்குலயும் அகலவாக்குலயும் விறைப்பு வேற வேறயா இருக்கும், ஃபிலிம இழுத்த திசையப் பொறுத்து, அதனால லேபிள எந்தத் திசையில வெட்டியிருக்காங்கன்னும் தெரியணும். ஒரே படம் ஒரே கனம், வெட்டுன திசைய மட்டும் மாத்துனா மூடி வேற மாதிரி கோணும், இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

நெறயுற கட்டத்துல பாக்க வேண்டியது கொஞ்சம்தான். லேபிள் பக்கம் சீக்கிரம் ஒறையாததால பிளாஸ்டிக் அங்க கொஞ்சம் சுலபமா ஓடும், லேபிள் இல்லாத எடத்துல மெதுவா ஓடும், டப்பாவ சுத்தி வர்ற லேபிளோட ரெண்டு முனையும் சந்திக்கிற சந்துல இது தெரியும். அதவிட முக்கியம் கேட் இருக்குற எடம். பிளாஸ்டிக் உள்ள நுழையுற வாய், அதுக்கு நேர் எதுத்தாப்புல லேபிள் இருந்தா, சூடும் வேகமும் சேந்து மையிய அரிச்சிட்டுப் போயிரும், படத்துல அந்த எடம் மட்டும் கலங்குன மாதிரி இருக்கும். சிமுலேஷன்ல ஷியர் ஸ்ட்ரெஸ்னு ஒரு படம் வரும், பிளாஸ்டிக் பரப்ப எவ்ளோ உராசி இழுக்குதுன்னு அர்த்தம், பிபிக்கு 0.25 மெகாபாஸ்கல தாண்டக் கூடாதுன்னு வச்சிருப்பாங்க. அது பிளாஸ்டிக்குக்கான எல்லை, மைக்கு இல்ல, இருந்தாலும் கேட் கிட்ட அது செவப்பா இருந்தா லேபிள்ல அந்த எடத்துல ஓட்டை போட்டு விடச் சொல்லுங்க, இல்ல கேட்ட மாத்துங்க.

ஒண்ணு சொல்லியே ஆகணும், வழக்கமா ஓட்டுற சிமுலேஷன் லேபிள் செவுத்துல அச்சா ஒட்டி இருக்குன்னு வச்சிக்கிட்டுத்தான் ஆரம்பிக்கும். ஸ்டேட்டிக் சரியா ஏறல, ஓரம் தூக்கியிருக்கு, பிளாஸ்டிக் பின்னால பூந்து லேபிள மடிச்சிருச்சி, ரோபோட் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வச்சிருச்சி, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அது மெஷின்ல நிக்கிறவங்க கண்ணுலதான் இருக்கு, அதனால ட்ரையல் அன்னிக்கு நான் மேசையில உக்கார மாட்டேன், மெஷின் பக்கத்துல போயி நிப்பேன்.

மூடிக்கு கடைசியில என்ன பண்ணோம்னா, காத்துப் பை வச்ச லேபிளுக்கு மாத்துனோம், கோர் பக்கத் தண்ணியையும் கேவிட்டி பக்கத் தண்ணியையும் தனித்தனி சூட்டுல ஓட்டுனோம், எந்த சூடு வச்சா எவ்ளோ எழும்பும்னு மொதல்ல ஸ்கிரீன்ல பாத்துட்டு அப்புறம்தான் மெஷின்ல மாத்துனோம். இரும்ப தொடவே இல்ல.

நீங்க புதுசா பழகுறீங்கன்னா ஒரு தட்டை மூடிய எடுத்துக்கிட்டு ஒரே செட்டிங்ல மூணு தடவ ஓட்டுங்க, லேபிள் இல்லாம, 5000த்த 2000 ஆக்கி, அப்புறம் லேபிள நெஜப் பொருளா போட்டு. மூணோட கோணல் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க, அளவ விடுங்க, எந்தப் பக்கம் வளையுதுன்னு மட்டும் பாருங்க. நெஜ மூடி கிடைச்சதும் ரெண்டு நாள் அப்படியே வச்சிருங்க, சூடா அளக்காதீங்க, கிரானைட் மேசையில லேபிள் மேல பாக்குற மாதிரி வச்சி நாலு விளிம்புக்கு அடியிலயும் சந்து அளக்குற ஃபீலர் கேஜ் தகட்ட ஒவ்வொண்ணா விட்டுப் பாருங்க. மூலையில தகடு நுழையாம நடு விளிம்புல நுழைஞ்சா ஆமை முதுகு, மூலையில நுழைஞ்சா தாம்பாளம். நுழைஞ்ச தகட்டோட கனத்த மூடிக்கு அடியிலயே மார்க்கர்ல எழுதி, தேதியும் மணியும் போட்டு வைங்க, நாலாவது நாள் திரும்ப அளக்கணும்.